மலிவு விலை விமானம்: லேக்கர் கம்பெனி சொல்லும் கணக்குப் பாடம்

‘குறைந்த லாபம், நிறைந்த விற்பனை’ என்ற வாசகம் வணிகர்களாகிய நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் இதைக் கல்லாவுக்குப் பின்னால் எழுதியே வைத்திருந்தார்கள். இந்த வழியில் உயர்ந்தவர்களையும் நமக்குத் தெரியும். இதே வழியில் போய்க் கடையைச் சாத்தியவர்களையும் நமக்குத் தெரியும். ஒரே கொள்கை ஒருவரை உயர்த்தி இன்னொருவரைக் கவிழ்ப்பது எப்படி? இதற்கு விடை தேட நாம் கடைத்தெருவை விட்டுச் சற்று வெளியே போய், ஒரு விமானக் கம்பெனியின் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டு தொடங்கி 1982ஆம் ஆண்டு முடிந்துபோன ‘ஸ்கைட்ரெய்ன்’ என்ற மலிவு விலை விமானச் சேவையின் கதை இது. விமானத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். கட்டுரையின் முடிவில் சம்பந்தம் தானாகவே விளங்கும்.

கீழிருந்து வந்த மனிதர்

இந்தச் சேவையை நடத்தியவர் ஃபிரெடி லேக்கர். 1922ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தவர். பதின்வயதிலேயே விமானம் கட்டும் தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவத்துக்குத் தேவைப்படாமல் போன பழைய விமானங்களையும் உதிரி பாகங்களையும் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார். 1948ஆம் ஆண்டு ரஷ்யர்கள் பெர்லின் நகருக்குச் செல்லும் தரைவழியை அடைத்தபோது, அந்த நகரத்துக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. யாரும் சீண்டாமல் கிடந்த லேக்கரின் பழைய விமானங்களுக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சரக்கு மலிவாகக் கிடக்கும்போது வாங்கிப் போட்டு, தேவை வரும்போது விற்பது எப்படி என்பதை அவர் அங்கே கற்றார்.

பின்னர் ஒரு பெரிய தனியார் விமானக் கம்பெனியில் நிர்வாக இயக்குநராக இருந்து, அதை விட்டு விலகி, 1966ஆம் ஆண்டு தம் பெயரிலேயே லேக்கர் ஏர்வேஸ் கம்பெனியைத் தொடங்கினார். சுற்றுலா நடத்துபவர்களுக்கு விமானத்தை முழுதாக வாடகைக்கு விடுவதுதான் அப்போது அவருடைய தொழில். கம்பெனியின் பங்குகள் அவர் கையிலும் அவர் குடும்பத்தின் கையிலுமே இருந்தன. அதாவது, நம்மில் பலரைப் போல அவரும் சொந்த முதலாளி.

ஆறு ஆண்டுப் போராட்டம்

அந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு போகும் விமானக் கட்டணத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கம்பெனிகள் தங்கள் சர்வதேசச் சங்கத்தில் கூடி ஒரே விலையாகப் பேசி வைப்பார்கள். அரசாங்கங்கள் அதற்கு ஒப்புதல் தரும். மலிவாகப் போக வேண்டுமானால் வாடகை விமானத்தில் போகலாம். ஆனால் அதற்கும், ஏதாவது ஒரு சங்கத்தில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்தவர்கள் குழுவாகத்தான் போக வேண்டும் என்று விதி இருந்தது. இதனால் போலி உறுப்பினர் அட்டைகள் புழங்கின. அதிகாரிகள் விமான நிலையத்தில் நின்று பயணிகளை விசாரித்தார்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று யோசித்த லேக்கர், 1971ஆம் ஆண்டு ஒரு புதிய திட்டத்துக்கு அனுமதி கேட்டார். ரயிலுக்குப் போவது போல வர வேண்டும், வரிசையில் நின்று அன்றைக்கே டிக்கெட் வாங்க வேண்டும், இடம் இருந்தால் ஏற வேண்டும். முன்பதிவு கிடையாது. சாப்பாடு வேண்டுமானால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும், அல்லது கையோடு கொண்டுவரலாம். அதனால்தான் அதற்கு ‘வான ரயில்’ என்று பொருள்படும் ஸ்கைட்ரெய்ன் என்ற பெயர்.

1972இல் இங்கிலாந்தில் உரிமம் கிடைத்தது. ஆனால் அரசு மாறியதும் கொள்கையும் மாறி, அனுமதி பின்வாங்கப்பட்டது. லேக்கர் தம் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். 1976 டிசம்பரில் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1977 ஜூனில் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் ஒப்புதல் அளித்தார். ஒரு உரிமத்துக்காக ஆறு ஆண்டுகள் அலைந்த கதை, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நமக்கு நன்றாகவே புரியும்.

1977 செப்டம்பர் 26ஆம் நாள் லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் விமானம் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. மற்றக் கம்பெனிகளின் வழக்கமான கட்டணத்தில் இது பாதிகூட இல்லை. அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்த மக்கள் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். 1978இல் லேக்கருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸுக்கும், பின்னர் மயாமிக்கும் சேவை விரிந்தது. முன்பதிவு செய்யும் வசதியும் பிற்பாடு வந்தது.

விலையைக் குறைக்க முடிந்தது எப்படி?

அவர் நஷ்டத்துக்கு விற்கவில்லை. செலவைக் குறைத்துத்தான் விலையைக் குறைத்தார். பெரிய கம்பெனிகள் தனித்தனி வகுப்பு வைத்து, இலவச உணவு கொடுத்து, ஏஜென்டுகளுக்குக் கமிஷன் கொடுத்து, பாதி இருக்கை காலியாகப் பறந்தன. லேக்கரின் டி.சி.10 விமானத்தில் 345 இருக்கைகள். எல்லாம் ஒரே வகுப்பு.

காலி இருக்கை என்பது மாலைக்குள் விற்காத மல்லிகைப் பூ போன்றது. விமானம் கிளம்பிய பிறகு அந்த இருக்கைக்கு மதிப்பில்லை. நாளைக்கு எடுத்து வைத்து விற்கவும் முடியாது. ஆகவே குறைந்த விலைக்காவது நிரப்பிப் பறப்பது புத்திசாலித்தனம். இதுவரை லேக்கர் செய்ததில் பிழை சொல்ல முடியாது.

பிழை எங்கே புகுந்தது?

நான்கு அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

முதல் அடி, 1979 மே 25 அன்று சிகாகோவில் வேறொரு கம்பெனியின் டி.சி.10 விமானம் விழுந்து நொறுங்கியது. அமெரிக்க அதிகாரிகள் ஜூன் 6 முதல் அந்த ரக விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்தினார்கள். ஜூலை மத்தியில்தான் தடை நீங்கியது. ஐரோப்பாவில் கோடை விடுமுறைதான் விமானக்காரருக்குத் தீபாவளி சீசன். அந்தச் சீசனில் லேக்கரின் முக்கியமான விமானங்கள் சும்மா நின்றன. தவணையும் சம்பளமும் நிற்கவில்லை.

இரண்டாவது அடி, எண்ணெய் விலை. 1979இல் ஈரானில் ஏற்பட்ட புரட்சியைத் தொடர்ந்து உலகமெங்கும் எரிபொருள் விலை ஏறியது. விமானத் தொழிலில் எரிபொருள்தான் பெரிய செலவு.

மூன்றாவது அடிதான் ஆழமானது. அது அவரே தேடிக்கொண்டது. வியாபாரம் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் புதிதாக ஐந்து டி.சி.10 விமானங்களையும், ஐரோப்பிய வழித்தடங்களுக்கென்று பத்து ஏர்பஸ் ஏ300 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் போட்டார். ஏர்பஸ்ஸில் மூன்று மட்டுமே கடைசிவரை வந்து சேர்ந்தன. அந்த விமானங்களை எந்த வழித்தடத்தில் ஓட்ட நினைத்தாரோ, அதற்கான உரிமங்கள் அவர் கைக்கு வரவே இல்லை. கடைக்கு அனுமதி வாங்கும் முன்பே சரக்கை இறக்கியது போல ஆயிற்று. இவற்றுக்காக வாங்கிய கடன் சுமார் 35 கோடி டாலர். கடன் டாலரில். எரிபொருள் டாலரில். உதிரி பாகமும் டாலரில். ஆனால் அவருடைய பயணிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். அவர்கள் கொடுத்தது பவுண்டு.

கடன் பேசிய 1980இல் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 2 டாலர் 40 சென்ட் கிடைத்தது. 1981 ஆகஸ்டில் 1 டாலர் 80 சென்ட்தான் கிடைத்தது. இதன் பொருள் என்ன? 10 கோடி டாலர் கடனை அடைக்க முதலில் 4 கோடியே 17 லட்சம் பவுண்டு போதும். ஒரு வருடத்துக்குள் அதே கடனுக்கு 5 கோடியே 56 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. ஒரு காசுகூடப் புதிதாக வாங்காமலே கடன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதோடு, பவுண்டின் மதிப்பு இறங்கியதால் ஆங்கிலேயருக்கு அமெரிக்காவில் தங்குவதும் சாப்பிடுவதும் செலவாகி, பயணம் போகும் ஆர்வமும் குறைந்தது. செலவை ஏற்றிய அதே காரணம் விற்பனையையும் குறைத்தது.

நான்காவது அடி, பெரியவர்களின் விலைப் போட்டி. 1981 இலையுதிர் காலத்தில் பான் அமெரிக்கன் கம்பெனி தன் கட்டணத்தை லேக்கரின் அளவுக்கு வெட்டியது. டிரான்ஸ் வேர்ல்டும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பின்தொடர்ந்தன. அதே விலைக்குச் சாப்பாடும், பெரிய பெயரும், நிறைய வழித்தடங்களும் கிடைக்கும்போது பயணி எங்கே போவார்? அந்தப் பெரிய கம்பெனிகளும் அப்போது நஷ்டத்தில்தான் இருந்தன. ஆனால் ஒரு வழித்தடத்தின் நஷ்டத்தை வேறு வழித்தடத்தின் வரவிலோ, அரசின் ஆதரவிலோ, சொத்தை விற்றோ தாங்க அவர்களால் முடிந்தது. லேக்கருக்குத் தாங்கிக்கொள்ள மடியில் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளங்குவதற்காக நாமே ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஒரு நடைக்கு 15,000 பவுண்டு செலவு என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 59 பவுண்டு. 255 பேர் வந்தால் செலவு கட்டும். மீதி 90 இருக்கைகளில் வருவதெல்லாம் லாபம். நல்ல வியாபாரம்தான்.

இப்போது போட்டியால் கட்டணம் 49 பவுண்டாக இறங்குகிறது. செலவு கட்ட 307 பேர் வேண்டும். விலையில் 10 பவுண்டு குறைந்ததற்கு 52 பேர் கூடுதலாக வர வேண்டும்.

விலை குறையாமல், செலவு மட்டும் ஏறினால்? மொத்தச் செலவில் பாதி டாலரில் இருந்து, அது மூன்றில் ஒரு பங்கு கூடினால், 15,000 என்பது 17,500 ஆகும். 59 பவுண்டு வீதம் 297 பேர் தேவை. கஷ்டம்தான், ஆனாலும் சமாளிக்கலாம்.

இரண்டும் ஒன்றாக வந்தால்? 17,500 பவுண்டு செலவுக்கு 49 பவுண்டு வீதம் 358 பேர் வேண்டும். விமானத்தில் இருப்பதோ 345 இருக்கை! ஒரு இருக்கைகூடக் காலியில்லாமல் பறந்தாலும் நஷ்டம்.

இந்த இடத்தில் வணிகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். கடை முழுக்கக் கூட்டம், கல்லாவில் ரொக்கம், ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை என்று புலம்பும் நண்பர்களைப் பார்த்திருக்கிறோம். கூட்டம் லாபத்துக்குச் சாட்சி அல்ல. விலையும் செலவும் ஒரே நேரத்தில் எதிர்த் திசையில் நகர்ந்தால், கூடுதல் விற்பனையால் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

முடிவு

1981 கோடையின் கடைசியிலேயே தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர்களிடம் லேக்கர் கேட்க வேண்டியதாயிற்று. மீட்புத் திட்டம் பேசப்பட்டது. விமானம் விற்ற மெக்டானல் டக்ளஸ் கம்பெனி, தனக்கு வர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டு கைகொடுக்க முன்வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. குளிர்கால மாதங்களில் பயணிகள் குறைவு. கோடைக்கான முன்பணம் இன்னும் வந்து சேராத நேரம். வங்கிகளின் பொறுமை தீர்ந்தது. 1982 பிப்ரவரி 5ஆம் நாள் கம்பெனி மூடப்பட்டது. கடன் சுமார் 25 முதல் 27 கோடி பவுண்டு. ஏறத்தாழ 6,000 பயணிகள் ஆங்காங்கே சிக்கித் தவித்தார்கள். ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி முழுகிய செய்தி கேட்டு, அதைக் காப்பாற்றுவதற்காகப் பொதுமக்கள் தாமாகவே பணம் அனுப்பினார்கள். மலிவு விலையில் உலகத்தைக் காட்டிய மனிதர் என்று அவர் மீது அவ்வளவு அன்பு. ஆனால் வாடிக்கையாளரின் அன்பு வங்கிக் கடனை அடைக்காது.

பிறகு நடந்தது இன்னொரு கதை. பெரிய விமானக் கம்பெனிகள் பேசி வைத்துக்கொண்டு விலையை வெட்டி லேக்கரை ஒழித்தன என்றும், மெக்டானல் டக்ளஸ் உதவிக்கு வராதபடி நெருக்கடி கொடுத்தன என்றும், கம்பெனியின் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கேட்ட நஷ்டஈடு 100 கோடி டாலருக்கும் மேல். வழக்கு இழுத்துக்கொண்டிருந்தவரை பிரிட்டிஷ் ஏர்வேஸின் பங்குகளைத் தனியாருக்கு விற்க அந்நாட்டு அரசால் முடியவில்லை. கடைசியில் 1985இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. கடன் கொடுத்தவர்களுக்காக சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலரும், லேக்கருக்கு 80 லட்சம் டாலரும் கிடைத்தன. நியாயம் ஓரளவு கிடைத்தது; கம்பெனி திரும்பவில்லை. 1984இல் அதே அட்லாண்டிக் வழித்தடத்தில் வர்ஜின் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் பிரான்சன், லேக்கரிடம் யோசனை கேட்டுத்தான் இறங்கினார். லேக்கர் 2006இல் காலமானார்.

இது பழைய கதை என்று நாம் தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டில் 2003இல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான், சாதாரண மக்களையும் விமானத்தில் ஏற்றியது. சில ஆண்டுகளில் கிங்ஃபிஷருடன் சேர்ந்தது. அந்தக் கிங்ஃபிஷரும் 2012இல் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டிய பயணிகளும், அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல் ஏஜென்டுகளும் பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

ஒன்று: விலையைக் குறைக்கும் முன் செலவைக் குறைக்க வேண்டும். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் லாபம் வைத்து விற்பவர் ஐந்து ரூபாய் தள்ளுபடி கொடுத்தால், அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு சரக்கு விற்க வேண்டும். இரண்டு மடங்கு விற்க இடமும் ஆளும் முதலும் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் தள்ளுபடிப் பலகை வைக்க வேண்டும்.

இரண்டு: எந்தப் பணத்தில் வரவோ, அந்தப் பணத்தில் கடன் இருக்க வேண்டும். பருப்பும் பாமாயிலும் முந்திரிக்கொட்டையும் இறக்குமதி செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தொட்டது. டாலரில் சரக்கு எடுத்து, ரூபாயில் விலை பேசி, மூன்று மாதக் கடனுக்கு விற்றவர்களின் நிலை என்னவாகியிருக்கும்? வங்கியில் டாலர் விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் சிறு தொகை வீண் செலவு அல்ல.

மூன்று: நல்ல காலத்தில் அகலக்கால் வைப்பதுதான் கெட்ட காலத்தில் வழுக்குகிறது. ஒரு கடை ஓடுகிறது என்பதால் மூன்று கிளைகளுக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், வழித்தடம் கிடைக்கும் முன் பத்து விமானத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் ஒன்றே. ஒரு சீசன் முழுக்க விற்பனை நின்றாலும் தவணையும் சம்பளமும் கட்ட முடியுமா என்பதே விரிவுபடுத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு: பெரிய முதலாளி நம் விலைக்கு இறங்கி வருவார் என்பதை எதிர்பார்த்தே தொழில் நடத்த வேண்டும். அது நியாயமா என்று வழக்குப் போடலாம், சங்கத்தின் மூலம் குரல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் தீர்ப்பு வரும் வரை கடை திறந்திருக்க வேண்டும். விலை ஒன்றை மட்டுமே காட்டி வாடிக்கையாளரைப் பிடித்தவரிடமிருந்து, விலையைக் காட்டியே அவரைப் பறித்துவிடலாம். முகம் பார்த்துப் பேசுவது, கேட்ட சரக்கை எடுத்து வைப்பது, சரியான எடை, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகியவற்றை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது.

ஐந்து: முன்பணம் நம் பணம் அல்ல. தீபாவளிச் சீட்டுக்குக் கட்டிய பணத்தைக் கொள்முதலிலும் தவணையிலும் போட்டுப் புரட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. கணக்கு ஒத்துவரும் வரை யாருக்கும் தெரியாது. ஒத்துவராத நாளில் வாசலில் நிற்பது வங்கி அதிகாரி மட்டுமல்ல. மாதாமாதம் நூறு இருநூறாகக் கட்டிய அக்கம்பக்கத்துத் தாய்மார்களும்தான். சீட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பவருக்கு அந்த நாள் வராது.

லேக்கர் மக்களுக்கு நல்லதுதான் செய்தார். அவர் திறந்த கதவு வழியாகத்தான் பின்னால் பலர் வந்தார்கள். ஆனால் கதவைத் திறந்தவருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. கணக்குப் புத்தாண்டில் புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் தடவிப் பூஜை போடும்போது, பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இந்த ஆண்டு என் விலை எவ்வளவு இறங்கினால், என் செலவு எவ்வளவு ஏறினால், கடை நிறையக் கூட்டம் இருந்தும் நஷ்டம் வரும்? அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பவர், குறைந்த லாபத்திலும் நிறைவாக வாழ்வார்.